கல்லில் உள்ள ஆண்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தில் கிழக்கு யார்க்‌ஷயரின் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். ஊர் நடுவில் செங்கல்லால் கட்டிய சின்ன மெதடிஸ்ட் ஆலயம் ஒன்று இருக்கிறது. ஞாயிறு ஆராதனைக்கு ஒன்பது பேர் வருகிறார்கள். அடுத்த ஆண்டு மூடிவிடுவதென்று முடிவாகிவிட்டது. கடைசி ஆராதனையன்று கொடுப்பதற்கு ஆலய வரலாற்றை இருபது பக்கத்தில் எழுதித் தர முடியுமா என்று என்னைக் கேட்டார்கள். சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவன் என்ற தைரியத்தில் ஒப்புக்கொண்டுவிட்டேன். இப்போது விழிக்கிறேன்.

முகப்புக் கல்லில் ‘பிரிமிட்டிவ் மெதடிஸ்ட், 1864’ என்று வெட்டியிருக்கிறது. ஊர்ப் பெரியவர் ஒருவர் 1838 என்று சாதிக்கிறார். 1850களில் வெளியான வரைபடத்திலோ தெருவின் மறுகோடியில்தான் ‘சேப்பல்’ என்று போட்டிருக்கிறது. இது போக, வெஸ்லியன் ஆலயம் ஒன்றும் ஊரில் இருந்து, இப்போது வீடாகிவிட்டது. எது சரியான ஆண்டு? ‘பிரிமிட்டிவ்’ என்றால் என்ன? ஆலயத்தைக் கட்டிய போதகரின் பெயர் எங்குமே கிடைக்கவில்லை, எங்கே தேடுவது?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நம் ஊர்ச் சபை வரலாறுகளைப் படித்துப் பழகியவர்கள் எல்லாருமே இப்படித்தான் தேடுவார்கள். இன்ன ஆண்டில் இன்ன ஐயர், அதாவது போதகர், வந்தார், ஆலயம் கட்டினார், பிரதிஷ்டை செய்தார் என்றுதான் அவை ஆரம்பிக்கும். இங்கிலாந்தின் கிராமத்து மெதடிஸ்ட் ஆலயத்தை எந்த ஐயரும் கட்டவில்லை. போதகர் பக்கத்து நகரத்தில் இருப்பார். பத்திருபது ஊர்கள் அவர் பொறுப்பில் இருக்கும். உங்கள் ஊருக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை வந்துபோவார். 1784ஆம் ஆண்டுச் சாசனப்படி வெஸ்லியன் போதகர் ஒருவரை ஓர் ஆலயத்துக்குத் தொடர்ந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் நியமிக்க முடியாது. பிரிமிட்டிவ்காரர்களும் போதகர்களை அடிக்கடி மாற்றினார்கள். கட்டியது ஊரார்தான்: கொல்லர், தச்சர், செருப்புத் தைப்பவர், பண்ணைக் கூலிகள், ஓரிரு சிறு விவசாயிகள். கையில் பணமில்லாததால் கடன் வாங்கிக் கட்டினார்கள். யார் கடன்பட்டார்கள் என்று தேடினால் கட்டியவர்கள் கிடைப்பார்கள்.

அதற்கு முன் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டடம் வேறு, சபை வேறு, சர்க்யூட் வேறு. சர்க்யூட் என்பது கிட்டத்தட்ட நம் சேகரம் மாதிரி, பல ஊர்ச் சபைகள் சேர்ந்தது. மூன்றுக்கும் பிறந்த தேதி வேறு, காகிதங்கள் வேறு, அவை இருக்கும் இடமும் வேறு. உங்கள் கல் கட்டடத்தைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. பெரியவர் சொல்லும் 1838 பழைய கட்டடத்தின் ஆண்டாக இருக்கலாம், சபை தொடங்கிய ஆண்டாகவும் இருக்கலாம். மூன்றையும் ஒரே ஆண்டில் போட்டுக் குழப்புவதுதான் இந்தச் சிறுநூல்களில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு.

இப்போது ‘பிரிமிட்டிவ்’. பின்தங்கியது என்ற பொருளில் அல்ல, ஆதி என்ற பொருளில். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1791இல் இறந்த பின் மெதடிஸ்டுகள் பல கிளைகளாகப் பிரிந்தார்கள். 1797இல் அலெக்ஸாண்டர் கில்ஹாம் தலைமையில் நியூ கனெக்‌ஷன் பிரிந்தது. 1807 மே 31 அன்று மோ காப் குன்றில் ஹ்யூ போர்ன் முதலானோர் நாள் முழுக்கத் திறந்தவெளி ஜெபக்கூட்டம் நடத்தினார்கள். மூல சபையான வெஸ்லியன்களின் ஆளும் மாநாடு அதை ஏற்கவில்லை. வெளியேற்றப்பட்டவர்கள் சேர்ந்து 1812இல் தங்களுக்கு இட்டுக்கொண்ட பெயர்தான் பிரிமிட்டிவ் மெதடிஸ்ட். வெஸ்லி தொடக்கத்தில் செய்ததைத்தான் நாங்கள் செய்கிறோம் என்பது அவர்கள் வாதம். 1815இல் டெவன் பக்கம் பைபிள் கிறிஸ்டியன்கள் தோன்றினார்கள். 1849இல் வெஸ்லியன்களுக்குள் பெரிய பிளவு வந்து சில ஆண்டுகளில் ஏறக்குறைய 1 லட்சம் உறுப்பினர்கள் போனார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் 1857இல் யுனைடெட் மெதடிஸ்ட் ஃப்ரீ சர்ச் ஆனார்கள். நியூ கனெக்‌ஷன், பைபிள் கிறிஸ்டியன், ஃப்ரீ சர்ச் மூன்றும் 1907இல் ஒன்றாயின. வெஸ்லியனும் பிரிமிட்டிவும் இந்தக் கூட்டும் இணைந்து இன்றைய மெதடிஸ்ட் சபையானது 1932இல். ஆகவே ஒரே தெருவில் இரண்டு மெதடிஸ்ட் ஆலயங்கள் இருப்பது அங்கே சாதாரணம். நம் ஊரில் ஒரே தெருவில் இரண்டு சங்கக் கட்டடங்கள் இருப்பதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான்.

உங்கள் பகுதிக்கு ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. பிரிமிட்டிவ் தலைவர்களில் ஒருவரான வில்லியம் கிளவ்ஸ் 1819 ஜனவரியில் ஹல் நகருக்கு வந்த பிறகுதான் கிழக்கு யார்க்‌ஷயருக்குள் பிரிமிட்டிவ் இயக்கம் நுழைகிறது. அதற்கு முந்தைய ஆண்டு எதையாவது யாராவது சொன்னால் அது வெஸ்லியன் சபையைப் பற்றியது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சபை எப்போது தொடங்கியது என்பதற்கு ஆலயம் கட்டுமுன் நடந்த வீட்டுக்கூட்டத்தைத் தேட வேண்டும். யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறையிலோ வைக்கோல் கொட்டகையிலோ கூடியிருப்பார்கள். 1689ஆம் ஆண்டுச் சகிப்புச் சட்டப்படி ஆங்கிலிக்கன் அல்லாத புராட்டஸ்டண்டுகள் கூடும் இடத்துக்கு ஆயரிடமோ நீதிபதிகளின் காலாண்டு அமர்விலோ சான்று பெற வேண்டும். 1812இல் சட்டம் தளர்ந்தது. வீட்டாரைத் தவிர 20 பேர் வரை சான்றில்லாமலே கூடலாம் என்றானது. அதற்கு மேல் போனால் சான்று வேண்டும். 1852இல் இந்த வேலை தலைமைப் பதிவாளரிடம் போனது. அதுவரை வழங்கிய சான்றுகளின் பட்டியலை அவர் எல்லா இடங்களிலிருந்தும் கேட்டு வாங்கினார். அது தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்.ஜி. 31 என்ற தொகுப்பில் இருக்கிறது. யார்க் பேராயரிடம் வந்த விண்ணப்பங்கள் யார்க்கில் உள்ள போர்த்விக் நிறுவனத்தில் கிடைக்கும். இதில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பல சான்றுகளில் மெதடிஸ்ட் என்ற சொல்லே இருக்காது, ‘புராட்டஸ்டண்ட் பிரிவினர்’ என்று மட்டும் இருக்கும். எந்தக் கிளை என்பதைக் கையெழுத்திட்டவர்களின் பெயரை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதே பெயர்கள் பின்னால் அறங்காவலர் பத்திரத்தில் வந்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

அந்த அறங்காவலர் பத்திரம்தான் உங்களுக்கு முதன்மையானது. நிலம் சபையின் பெயரில் இருக்காது. பத்துப் பன்னிரண்டு அறங்காவலர்கள் பெயரில் இருக்கும், ஒவ்வொருவரின் தொழிலும் ஊரும் எழுதியிருக்கும். ஒரு கிராமத்துக் கூலியாள் சட்டப்படி தன் பெயரையும் தொழிலையும் பதித்துவிட்டுப் போன ஒரே காகிதம் இதுவாகவே இருக்கக்கூடும். எழுதத் தெரியாதவர் பெருக்கல் குறி போட்டிருப்பார். எல்லாரும் உங்கள் ஊர்க்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சர்க்யூட்டின் மற்ற ஊர்களிலிருந்தும் ஆள் சேர்ப்பது வழக்கம். ஆலயக் கடனுக்கு இவர்கள் தனிப்பட்ட முறையில் பொறுப்பு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரக் கூலி 12 ஷில்லிங், ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். 300 பவுண்டுக் கடன் என்றால் 500 வாரக் கூலி, பத்து ஆண்டுக்குச் சற்றே குறைவு.

1736ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய பத்திரங்களை ஆறு மாதத்துக்குள் சான்சரி நீதிமன்றத்தில் பதியச் சொன்னது. அந்தப் பதிவுகள் தேசியக் காப்பகத்தில் சி 54 என்ற வரிசையில் இருக்கின்றன. எல்லாச் சபைகளும் பதியவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். உங்களுக்கு ஓர் அதிர்ஷ்டம்: உங்கள் பகுதியான கிழக்கு ரைடிங்கில் 1708 முதல் நிலப் பத்திரப் பதிவகம் இருந்தது. இங்கிலாந்தின் பெரும்பாலான பகுதிகளில் அப்படி ஒன்று கிடையாது. அதன் ஏடுகள் பெவர்லியில் உள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. முதலில் அங்கே போங்கள். அதே 1736 சட்டத்தின்படி உயிலால் தர்மத்துக்கு நிலம் எழுதிவைத்தால் செல்லாது, 1891 வரை இதுதான் நிலைமை. எனவே ‘இன்னார் உயிலில் நிலத்தை எழுதிவைத்தார்’ என்று ஊரில் கதை வழங்கினால் பத்திரத்தைப் பார்க்காமல் அச்சேற்ற வேண்டாம். அவர் உயிரோடிருக்கும்போதே கொடுத்திருக்க வேண்டும், அல்லது விற்றிருக்க வேண்டும்.

ஆலயம் எங்கே நிற்கிறது என்பதும் பேசும். ஊர் நிலமெல்லாம் ஒரே ஜமீனிடம் இருந்தால் பெரும்பாலும் மனை கிடைக்காது. ஆலயமே இருக்காது, இருந்தால் ஊர்க்கோடியில் இருக்கும். நிலம் பலர் கையில் சிதறியிருந்த ஊர்களில்தான் இரண்டு மூன்று ஆலயங்கள் முளைத்தன. மறுகோடியில் இருந்த ஆலயம் 1864இல் ஊர் நடுவுக்கு வந்திருந்தால், இடையில் யாரோ நிலத்தை விற்றிருக்கிறார். அந்தப் பெயரைப் பத்திரம் சொல்லும்.

ஆனால் உங்கள் வரைபடத்தில் உள்ள ‘சேப்பல்’ எந்தக் கிளையினுடையது என்பது முடிவாகாமல் பெரியவரின் 1838ஐத் தொடாதீர்கள். அது இன்று வீடாகியிருக்கும் வெஸ்லியன் ஆலயமாகவே இருக்கலாம். 1890 வாக்கில் எடுத்த, மைலுக்கு 25 அங்குல அளவுள்ள வரைபடத்தில் வெஸ்லியனா பிரிமிட்டிவா என்று அடைப்புக்குள் குறித்திருப்பார்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இங்கிலாந்து வரைபடங்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள்.

அடுத்து 1851 மார்ச் 30. அன்று ஒரு ஞாயிறு. நாடு முழுக்க எல்லா வழிபாட்டு இடங்களிலும் தலை எண்ணினார்கள். படிவங்கள் எச்.ஓ. 129 என்ற தொகுப்பில் உள்ளன. யார்க்‌ஷயர்ப் படிவங்கள் அச்சிலும் வந்திருக்கின்றன. கட்டிய ஆண்டு, தனிக் கட்டடமா, வழிபாட்டுக்கு மட்டுமா, எத்தனை இருக்கைகள், அவற்றில் இலவசம் எத்தனை, காலை மதியம் மாலை எத்தனை பேர் என்று கேட்டிருப்பார்கள். அடியில் ஒருவர் தொழிலோடு கையெழுத்திட்டிருப்பார். 1838க்கான பதில் பெரும்பாலும் இங்கேயே கிடைத்துவிடும். ஆனால் கட்டிய ஆண்டை நினைவிலிருந்து எழுதியவர்கள் பலர். ஓரிரு ஆண்டு முன்பின்னாக இருந்தால் பத்திரத்தை நம்புங்கள். வருகை எண்ணிக்கையையும் கூட்டிப் போட்டுவிடாதீர்கள். மதியம் வந்தவரே மாலையும் வந்திருப்பார். காலைக் கட்டம் காலியாக இருந்தால் சபை நலிந்திருந்தது என்று பொருளல்ல. ஆங்கிலிக்கன் கோயில் நேரத்தில் மோதாமல் மதியமும் மாலையும் மட்டும் கூடுவது கிராமங்களில் வழக்கம்.

இலவசமில்லாத இருக்கை என்றால் வாடகை இருக்கை. காலாண்டுக்கு இவ்வளவு என்று குடும்பங்கள் இருக்கைக்கு வாடகை கட்டின. வட்டி அடைக்க அதுதான் நிலையான வருமானம். அறங்காவலர் கணக்கேடு கிடைத்தால் வரவுப் பக்கத்தில் இருக்கை வாடகை, ஆலய ஆண்டு விழாக் காணிக்கை, தேநீர்க் கூட்டச் சீட்டு ஆகியவையும், செலவுப் பக்கத்தில் வட்டி, மெழுகுவர்த்தி அல்லது விளக்கு எரிக்கும் எண்ணெய், நிலக்கரி, துப்புரவுக் கூலி ஆகியவையும் இருக்கும். தொகைகள் பவுண்டு, ஷில்லிங், பென்னி என மூன்று பத்திகளில் வரும். 12 பென்னி ஒரு ஷில்லிங் என்பதை மறந்து பதின்மத்தில் கூட்டினால் கணக்கு இடிக்கும். அசல் குறையாமல் வட்டி மட்டும் இருபது முப்பது ஆண்டு கட்டிக்கொண்டே போவதைப் பார்ப்பீர்கள். பிறகு ஓராண்டில் பெரிய பஜார் நடத்திக் கடன் தீர்த்திருப்பார்கள். நூலில் அந்த ஆண்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கலாம். அவர்களுக்குத் திறப்பு விழாவைவிட அதுதான் பெரிய நாள்.

சபையின் நாடித்துடிப்பைப் பார்க்க ‘பிளான்’ வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை சர்க்யூட் அச்சிட்ட ஒற்றைத் தாள் அது. இடப்பக்கம் ஊர்கள், மேலே ஞாயிற்றுக்கிழமைகள், கட்டங்களில் எண்கள். ஒவ்வோர் எண்ணும் ஒரு பிரசங்கியார். முதல் எண்கள் போதகர்கள், பிறகு உள்ளூர்ப் பிரசங்கியார்கள் மூப்பு வரிசையில், கடைசியில் பயிற்சியில் இருப்பவர்கள். இந்த உள்ளூர்ப் பிரசங்கியார்கள் சம்பளமில்லாதவர்கள், வார நாட்களில் ஏர் பிடிப்பவர்கள், ஞாயிறன்று பல மைல் நடந்துபோய்ப் பிரசங்கித்தவர்கள். பண்ணைத் தொழிலாளர் சங்கத்தை 1872இல் தொடங்கிய ஜோசஃப் ஆர்ச் இப்படியொரு பிரிமிட்டிவ் பிரசங்கியார்தான். மேடையில் நின்று பேசவும் கூட்டம் நடத்திக் குறிப்பு எழுதவும் கூலியாட்களுக்கு ஆலயம் கற்றுக்கொடுத்தது. பிரிமிட்டிவ் சபையில் தொடக்கத்திலிருந்தே பெண்களும் பிரசங்கித்தார்கள். பழைய பிளான்களில் அவர்கள் பெயர் சில சமயம் முதலெழுத்துகளாக மட்டும் இருக்கும், கவனியுங்கள்.

உறுப்பினர் எண்ணிக்கை சர்க்யூட்டின் காலாண்டு அட்டவணை ஏடுகளில் ஊர்வாரியாக இருக்கும். அதில் உங்கள் ஊருக்கு 14 என்றிருந்தால் 14 பேர்தான் வந்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள். உறுப்பினர் என்றால் ‘வகுப்பு’ என்ற சிறு குழுவில் சேர்ந்து, வாரம் ஒரு பென்னி கட்டி, காலாண்டுச் சீட்டு பெற்றவர். கேட்க வருபவர்கள் அதைப் போல மூன்று நான்கு மடங்கு இருப்பார்கள். வெஸ்லியன் பட்டியலில் 1850ஐ ஒட்டி எண்ணிக்கை பாதியாகச் சரிந்தால் கொள்ளைநோயைத் தேட வேண்டாம், 1849 பிளவுதான் காரணமாக இருக்கும். சர்க்யூட்டுகள் வளர வளர இரண்டாகப் பிரிக்கப்பட்டன. உங்கள் ஊர் ஒரு காலாண்டில் திடீரென்று ஏட்டிலிருந்து மறைந்தால் சபை சாகவில்லை, பக்கத்து சர்க்யூட்டுக்குப் போயிருக்கிறது. ஞானஸ்நானப் பதிவேடும் பல ஊர்களுக்குச் சேர்த்து சர்க்யூட்டுக்கு ஒன்றாகவே இருக்கும். 1837க்கு முந்தைய பதிவேடுகளில் பல அரசிடம் ஒப்படைக்கப்பட்டு ஆர்.ஜி. 4 தொகுப்பில் இருக்கின்றன. மான்செஸ்டர் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில்தான் மெதடிஸ்ட் காப்பகம் இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். அங்கே இருப்பது மாநாட்டு அளவிலான ஆவணங்கள். ஊர்ச் சபைக் காகிதங்களுக்குப் பெவர்லிதான்.

கணக்கில் மிஷன் காணிக்கை என்றொரு வரி தவறாமல் வரும். ஆலயக் கூரைக்கே வழியில்லாத ஆண்டிலும் வரும். ஊர் வெஸ்லியன் ஆலயத்தின் கணக்கேடு கிடைத்தால் இந்த வரியைத் தாண்டிப் போகாதீர்கள். வெஸ்லியன் மிஷன் 1814இலேயே யாழ்ப்பாணம் வந்துவிட்டது. ஆறுமுக நாவலரை வைத்துக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கிய பீட்டர் பார்சிவல் பாதிரியார் அந்த மிஷனின் ஆள். அவர்களுடைய செலவில் ஒரு பகுதி இப்படிப்பட்ட கிராமத்து உண்டியல்களிலிருந்து போனது.

இனி 1864. முகப்புக் கல்லை மட்டும் பார்க்காமல் சுவரின் அடிப்பகுதியையும் பாருங்கள். அஸ்திவாரக் கற்கள் பலவாக, ஒவ்வொன்றிலும் ஒரு பெயருடன் இருக்கலாம். கல் நாட்டியவர் அதன்மேல் ஒரு தொகை வைப்பது மரபு. வெறும் முதலெழுத்துகள் செதுக்கிய செங்கற்கள் இருந்தால் அவையும் காசு கொடுத்தவர்களுடையவை. கல் நாட்டிய தேதியும் திறப்பு விழாத் தேதியும் ஒன்றல்ல, இடையில் சில மாதங்கள் இருக்கும். திறப்பைப் பற்றி வட்டாரச் செய்தித்தாளிலும் பிரிமிட்டிவ் மெதடிஸ்ட் மாத இதழிலும் தேடுங்கள். கட்டுமானச் செலவு, வசூலான தொகை, மீதிக் கடன், சில சமயம் கட்டடக்காரர் பெயர்கூட இருக்கும். ‘கூட்டம் அலைமோதியது’ என்பதை மட்டும் தள்ளிவிடுங்கள், எல்லாத் திறப்பு விழாவிலும் அலைமோதும். பழைய கல்லைப் பெயர்த்துப் புதுச் சுவரில் பதிப்பதும், விரிவாக்கிய ஆண்டை மட்டும் கல்லில் போடுவதும் உண்டு. கல்லைச் சுற்றியுள்ள செங்கல் வரிசை ஒட்டுப்போட்டது போலிருக்கிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் தேய்ந்த எழுத்து தெரியும். கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள். பின்புறம் ஒட்டிய ஞாயிறு பள்ளி அறையின் செங்கல் வேறு அளவில் இருந்தால் அது பின்னால் சேர்த்தது. ‘எபெனேசர்’ என்ற பெயர் எங்காவது இருந்தால் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, ‘இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்’. கட்டி முடித்தவர்கள் விட்ட பெருமூச்சு அது.

இருபதாம் நூற்றாண்டைச் சுருக்கலாம். 1932இல் சபைகள் இணைந்தாலும் ஊரின் இரண்டு ஆலயங்களும் உடனே இணைந்திருக்காது. தனித்தனி அறங்காவலர்கள், தனித்தனிக் கணக்கு, தனித்தனி ஹார்மோனியம். 1940இல் மெதடிஸ்ட் சபை தன் எல்லாக் கட்டடங்களையும் கணக்கெடுத்தது. எந்தப் பழைய கிளை, கல்லா செங்கல்லா, எத்தனை இருக்கை, எத்தனை அறை என்று அதில் இருக்கிறது. 1976ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஊர் அறங்காவலர் குழுக்கள் மறைந்து நிர்வாகம் சபைக் குழுவிடம் போனது. ஆகவே ‘டிரஸ்டி’ என்ற சொல் 1970களுக்குமுன் ஒரு பொருளிலும் பின் வேறு பொருளிலும் வரும்.

எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் நாள் குறைவு. மூடியதும் சாமான்கள் கலைந்துவிடும். ஒன்பது பேரிடமும் அனுமதி கேட்டு, இந்த மாதமே பீடம், திருவிருந்துக் கிராதி, போர் நினைவுப் பலகை, சுவர்க் கல்வெட்டுகள், ஜன்னல்கள், கீர்த்தனை எண் பலகை எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். நடப்பில் இல்லாத பதிவேடுகள் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும் என்பது சபை விதி. போவதற்கு முன் ஒரு பட்டியல் எழுதி சர்க்யூட் அலுவலகத்தில் ஒரு நகல் கொடுங்கள். ஞாயிறு பள்ளி வருகைப் பதிவேடு, பெண்கள் கூட்டக் குறிப்பேடு போன்றவற்றை ‘இதில் ஒன்றுமில்லை’ என்று குப்பைக்கு ஒதுக்குவார்கள், தடுத்துவிடுங்கள். பூசணம் பிடித்த ஏட்டைத் தனிப் பெட்டியில் வையுங்கள், கிழிந்த தாளில் செலோடேப் ஒட்டாதீர்கள். அலமாரித் தட்டுகளில் விரித்திருக்கும் பழைய தாளையும் உருவிப் புரட்டிப் பார்த்துவிடுங்கள், பிளானாக இருக்கலாம்.